97வது கிலோமீட்டரில் வேன் ஏறியவருக்கு

கேள்வி:

எனக்கு 47 வயது. இரண்டு வருடமாக சைக்கிள் ஓட்டுகிறேன். குழந்தைகளின் புற்றுநோய் சிகிச்சைக்கு நிதி திரட்டும் 4 நாள் குழுப் பயணம் ஒன்றில் போன மாதம் கலந்துகொண்டேன். மொத்தம் 430 கிலோமீட்டர். தெரிந்தவர்கள் 62 பேர் என் பெயரில் பணம் கொடுத்திருந்தார்கள். முதல் நாள் நன்றாகப் போனது. இரண்டாம் நாள்தான் மிக நீளம், 128 கிலோமீட்டர். காலையில் இருந்த உற்சாகத்தில் வேகமாகப் போகும் குழுவோடு சேர்ந்துகொண்டேன். தனியாக ஓட்டினால் என் வேகம் மணிக்கு 20. அவர்கள் 27, 28ல் போனார்கள். “எங்க பின்னாடியே வந்துடுங்க அக்கா, காத்தே தெரியாது” என்றார் ஒரு தம்பி. நிஜமாகவே தெரியவில்லை. முதல் தண்ணீர் நிறுத்தத்தில் அவர்கள் நிற்கவில்லை, நானும் நிற்கவில்லை. 60வது கிலோமீட்டரில் அரை வாழைப்பழம் சாப்பிட்டேன். 85ல் எதிர்காற்று ஆரம்பித்தது, குழு என்னை விட்டுப் போய்விட்டது. அப்புறம் எனக்குக் கால் இருக்கிறதா என்றே தெரியவில்லை. நல்ல வெயிலில் உடம்பு சிலிர்த்தது. காரணமே இல்லாமல் அழுகை வந்தது. 97வது கிலோமீட்டரில் சப்போர்ட் வேன் வந்தது, ஏறிவிட்டேன். ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தேன். வேனில் கொடுத்த இனிப்பான பானத்தைக் குடித்து 20 நிமிடத்தில் தலை தெளிந்தது. அதுவரை நான் குடித்தது இரண்டு பாட்டில் வெறும் தண்ணீர்தான். மூன்றாம் நாளும் நான்காம் நாளும் முழுதாக ஓட்டினேன். ஆனால் அந்த 31 கிலோமீட்டர் மனதை அரித்துக்கொண்டே இருக்கிறது. பணம் கொடுத்தவர்களை ஏமாற்றிவிட்டேனா? திருப்பிக் கொடுக்க வேண்டுமா? இரண்டு கையிலும் சுண்டுவிரலும் மோதிரவிரலும் ஒரு வாரம் மரத்திருந்தன. வலது முழங்காலின் முன்பக்கம் இன்னும் வலிக்கிறது. 5 மாதத்தில் அடுத்த பயணம் வருகிறது. பெயர் கொடுக்கலாமா?

பதில்:

அன்புள்ள சகோதரி,

நான் பிசியோதெரபிஸ்ட். இப்படிப்பட்ட பயணங்களில் பலமுறை சப்போர்ட் வேனில் உட்கார்ந்து போயிருக்கிறேன். அதனால் உங்கள் கடிதத்தில் அந்த ஹெல்மெட் வரியைப் படித்ததும் மேலே போக முடியவில்லை. வேன் ஏறியதும் சிலர் ஷூவைத் தளர்த்துவார்கள், கையுறையைக் கழற்றி மடியில் வைப்பார்கள், ஹெல்மெட்டின் வார் மட்டும் தாடைக்குக் கீழே இறுக்கமாக அப்படியே இருக்கும். கழற்றினால் அன்றைய ஓட்டம் முடிந்தது என்று ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும். அவர்களிடம் நான் எதுவும் பேசுவதில்லை. குடிக்க ஏதாவது கொடுத்துவிட்டு முன்சீட்டுக்குப் போய்விடுவேன். உங்களுக்கும் ஒருவர் அதைத்தான் செய்திருக்கிறார், 20 நிமிடத்தில் தலை தெளிந்திருக்கிறது. உங்களுக்கு என்ன ஆனது என்பதற்கு அந்த 20 நிமிடமே பெரிய சாட்சி. பலவீனம், வயது, மனதைரியக் குறைவு இவையெல்லாம் ஒரு டம்ளர் சர்க்கரைத் தண்ணீரில் சரியாகாது. காலியான எரிபொருள் டாங்க் சரியாகும்.

அந்த டாங்க் காலியானது 97வது கிலோமீட்டரில் என்று நினைக்கிறீர்கள். என் கணக்கில் அது முதல் 40 கிலோமீட்டரிலேயே, நீங்கள் மிகவும் சந்தோஷமாக ஓட்டிக்கொண்டிருந்தபோதே தீர ஆரம்பித்துவிட்டது.

“காத்தே தெரியாது” என்று அந்தத் தம்பி சொன்னது பொய் இல்லை. சமதரையில் மணிக்கு 25 கிலோமீட்டரைத் தாண்டிவிட்டால் நம் உழைப்பில் பெரும்பகுதி காற்றைத் தள்ளுவதற்கே போகிறது. ஒருவர் சக்கரத்துக்குப் பின்னால் நெருங்கிப் போனால் மொத்த உழைப்பில் நாலில் ஒரு பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை மிச்சமாகும். ஆனால் வேகம் கூடும்போது காற்றைத் தள்ளும் உழைப்பு அதே அளவில் கூடுவதில்லை, மும்மடியில் (வேகம் × வேகம் × வேகம் என்ற கணக்கில்) கூடுகிறது. 20லிருந்து 27க்குப் போனால் வேகம் மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேலே கூடியிருக்கும். காற்றுக்காகச் செலவாகும் உழைப்போ கிட்டத்தட்ட இரண்டரை மடங்கு. பின்னால் ஒளிந்து மிச்சம் பிடித்ததை எல்லாம் கழித்துவிட்டாலும் நீங்கள் வழக்கமாகத் தனியே ஓட்டும்போது செலவழிப்பதைவிட அது கணிசமாக அதிகம். முகத்தில் காற்று அடிக்காததால் உடம்புக்கு அந்தச் செலவு உறைக்கவில்லை. இன்னொன்று, குழுவின் வால்பகுதி ஒரே சீராக ஓடாது. முன்னால் இருப்பவர் வளைவில் லேசாக வேகம் குறைத்துத் திரும்ப மிதித்தால் கடைசி ஆள் பிரேக் பிடித்து, அப்புறம் எழுந்து நின்று மிதித்துத்தான் ஒட்டிக்கொள்ள முடியும். இந்தச் சின்னச் சின்னப் பாய்ச்சல்கள்தான் காலை அதிகம் தின்னும். மீட்டரில் சராசரி வேகத்தைப் பார்த்தால் இது தெரியவே தெரியாது.

நம் தசையிலும் கல்லீரலிலும் சேமிப்பாக இருக்கும் சர்க்கரை எல்லாம் சேர்த்து 400, 500 கிராம் இருக்கலாம். கலோரிக் கணக்கில் 2,000க்குள். கடுமையாக ஓட்டினால் ஒன்றரை, இரண்டு மணி நேரத்தில் அதன் பெரும்பகுதி கரைந்துவிடும். கொழுப்பு நிறையவே இருக்கிறது, நாள் கணக்கில் ஓட்டுமளவு இருக்கிறது. ஆனால் உடம்பு கொழுப்பை எடுத்து எரிக்க மெதுவான ஓட்டம் வேண்டும். நிதானமாகப் போகும்போது பாதிக்கு மேலேகூட கொழுப்பிலிருந்து வரும். மூச்சு வாங்க ஆரம்பித்தால் பெரும்பங்கு சர்க்கரைக்கு மாறிவிடும். அதாவது காலையில் எந்த வேகத்தில் போகிறோம் என்பதுதான் எந்த டாங்க் முதலில் காலியாகும் என்பதைத் தீர்மானிக்கிறது. நீங்கள் சின்ன டாங்க்கைத் திறந்துவிட்டு 60வது கிலோமீட்டர் வரை ஒன்றுமே ஊற்றவில்லை. அரை வாழைப்பழத்தில் 12, 13 கிராம் மாவுச்சத்து இருக்கும். அந்த வேகத்துக்கு அது கால் மணி நேரத்துக்குக்கூட வராது.

இப்படித் தீர்ந்துபோவதற்கு சைக்கிள்காரர்களிடம் ஒரு பெயர் இருக்கிறது, பாங்க் (bonk) ஆவது என்பார்கள். கால் மட்டும் நிற்பதில்லை. மூளையும் சர்க்கரையை நம்பி இருப்பது என்பதால் எரிச்சல், அழுகை, யாரைப் பார்த்தாலும் கோபம், கியரை எந்தப் பக்கம் தட்டுவது என்றே மறந்துபோவது எல்லாம் வரும். ஒருமுறை 80வது கிலோமீட்டர் நிறுத்தத்தில் ஒருவர் பிஸ்கட் பாக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு அதன் நான்கு பக்கத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். எங்கே கிழிப்பது என்று அவருக்குப் புரியவில்லை. படித்தவர், நல்ல ஓட்டக்காரர். வாங்கிக் கிழித்துக் கொடுத்தேன். மூன்று பிஸ்கட் உள்ளே போன பிறகுதான் “ரொம்ப நன்றிங்க” என்று வாய் திறந்தார். உங்கள் அழுகையும் அதே ரகம்தான். நீங்கள் அழவில்லை, உங்கள் ரத்தச் சர்க்கரை அழுதது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் வெயிலில் உடம்பு சிலிர்த்ததை நான் லேசாக எடுத்துக்கொள்ளமாட்டேன். அது பசியாலும் வரலாம், உடல் சூடு ஏறி நீர் குறைந்ததாலும் வரலாம். நாலு மணி நேரத்துக்கு மேல் ஓட்டத்தில் இரண்டு பாட்டில் தண்ணீர் என்பது குறைவு. பெரும்பாலானவர்களுக்கு மணிக்கு 400 முதல் 800 மில்லி வரை தேவைப்படும், எவ்வளவு வியர்க்கிறது என்பதைப் பொறுத்தது. சூட்டில் சிலிர்ப்பு, தலைசுற்றல், குமட்டல் வந்தால் அதே இடத்தில் இறங்கி நிழலுக்குப் போக வேண்டும், தலையிலும் கழுத்திலும் தண்ணீர் ஊற்ற வேண்டும். பேச்சு குழறினாலோ, இருக்கும் இடம் புரியாவிட்டாலோ அது உயிருக்கு ஆபத்தான வெப்பத் தாக்கு. வியர்வை நின்றால்தான் வெப்பத் தாக்கு என்று பலர் நினைக்கிறார்கள். உழைப்பினால் வரும் வெப்பத் தாக்கில் வியர்த்துக்கொண்டேகூட விழுவார்கள். மருத்துவ உதவியைக் கூப்பிட்டுவிட்டு, அது வரும்வரை காத்திருக்காமல் கையில் இருக்கிற தண்ணீரை எல்லாம் ஊற்றிக் குளிர்விக்க வேண்டும். நீங்கள் வேன் ஏறியது சரி என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். இன்னும் 10 கிலோமீட்டர் பல்லைக் கடித்திருந்தால் எனக்குக் கடிதம் எழுதும் நிலை இருந்திருக்குமா என்பது சந்தேகம்.

இதைப் படித்துவிட்டு அடுத்த முறை லிட்டர் லிட்டராக வெறும் தண்ணீரைக் குடித்துவிடாதீர்கள். தேவைக்கு மேல் வெறும் தண்ணீர் குடித்தால் ரத்தத்தில் உப்பு நீர்த்துப்போகும். மெதுவாக, நாள் முழுக்க ஓட்டுகிறவர்களுக்கு இந்த ஆபத்து அதிகம், அவர்களுக்குத்தான் குடிக்க நிறைய நேரம் இருக்கிறது. தலைவலி, வாந்தி உணர்வு, மோதிரமும் கடிகாரமும் இறுகுமளவு கை வீக்கம் இவை அதன் அடையாளம். தாகத்துக்குக் கொஞ்சம் முன்னால், சிறுசிறு மடக்காகக் குடியுங்கள். ஒரு பாட்டிலில் உப்பும் சர்க்கரையும் கலந்தது, இன்னொன்றில் வெறும் தண்ணீர். அவ்வளவு போதும்.

சாப்பாட்டில் ஒரே ஒரு பழக்கத்தை மாற்றினால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்: முதல் அரை மணி நேரத்திலேயே வாயில் எதையாவது போடுங்கள். அப்போது பசிக்காது, சாப்பிடத் தோன்றாது. தோன்றும் வரை காத்திருந்தால் தாமதமாகிவிட்டது என்று அர்த்தம். மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து என்பது பொதுக் கணக்கு. ஒரு பெரிய வாழைப்பழம் 25 கிராமுக்கு மேல் தரும், ரொட்டித் துண்டு ஒன்று 15 கிராம் அளவில். உப்பு போட்ட வேகவைத்த உருளைக்கிழங்கு மத்தியானத்துக்கு மிக நல்லது, ஏனென்றால் அதற்குள் இனிப்பு என்றாலே வாய் கசந்துபோயிருக்கும். சட்டையின் பின்பாக்கெட்டில் சின்னச் சின்னத் துண்டாக வைத்துக்கொண்டு 20 நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு கடி. பயிற்சியில் சாப்பிட்டுப் பழகாத எதையும் அன்று புதிதாக முயற்சி செய்ய வேண்டாம். ஓடும்போது குடலுக்கு ரத்தம் குறைவாகப் போகிறது, பழக்கமில்லாததை அது ஏற்காது.

நிறுத்தங்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் பயண நாளின் உண்மையான அளவுகோல் கிலோமீட்டர் இல்லை, நிறுத்தங்கள்தான். 128 என்று காலையில் நினைத்தால் மலைப்பாக இருக்கும். 30 கிலோமீட்டருக்கு ஒரு நிறுத்தம் என்று வைத்துக்கொண்டால் நாலு சின்ன ஓட்டம், முடிவில் ஒரு வால். உங்கள் 20ல் ஓட்டினால் மிதிக்கும் நேரம் 6 மணி 24 நிமிடம். நிறுத்தத்துக்கு கால் மணி என்று சேர்த்தால் 7 மணி நேரம் 24 நிமிடத்தில் முடிந்திருக்கும். எந்த நிறுத்தத்தையும் தாண்டிப் போகக் கூடாது, குழு நின்றாலும் நிற்காவிட்டாலும். வந்ததும் முதலில் பாட்டிலை நிரப்புங்கள், அப்புறம் கழிப்பறை, அப்புறம் சாப்பாடு, கடைசியில்தான் பேச்சும் போட்டோவும். பலர் இதைத் தலைகீழாகச் செய்வார்கள். சிரித்துப் பேசிக்கொண்டிருக்கும்போதே “கிளம்பலாம்!” என்று குரல் வரும், காலி பாட்டிலோடு வண்டியில் ஏறிவிடுவார்கள். கால் மணிக்கு மேலும் உட்கார வேண்டாம். தசை ஆறி இறுகிவிடும், முதல் 5 கிலோமீட்டர் அழவைக்கும். மத்தியான நிறுத்தம் மட்டும் அரை மணி இருக்கலாம். அங்கே வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு எழுந்தால் வரும் தூக்கத்தை எந்த காபியாலும் விரட்ட முடியாது, அதனால் பாதி வயிறு போதும், மீதியை பாக்கெட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த வேகமான குழுவைப் பற்றி என் கருத்தை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அந்தத் தம்பி அன்போடுதான் கூப்பிட்டார், சந்தேகமில்லை. ஆனால் நிதிக்காக ஓடும் பயணத்தில் ஒருவரைச் சக்கரத்தோடு சேர்த்துக்கொண்டால் அவரைக் கடைசிவரை கூட்டிக்கொண்டு போகும் பொறுப்பும் கூடவே வருகிறது. பின்னால் யார் இருக்கிறார்கள் என்று திரும்பிப் பார்க்காமல் எதிர்காற்றில் ஒருவரை விட்டுவிட்டுப் போவது பந்தயத்தில் நியாயம். இங்கே அது நியாயமாகாது. நல்ல குழுவில் முன்னால் ஒருவர் வேகத்தைப் பிடித்து வைத்திருப்பார், கடைசியில் ஒருவர் யாரையும் பின்னால் விடாமல் வருவார், குழுவின் வேகம் கடைசி ஆளின் வேகமாக இருக்கும். அடுத்த முறை நீங்களே போய் அப்படி ஒரு வேகத்தில் மாட்டிக்கொள்ளாமல் இருக்க ஒரு சுலபமான சோதனை: முதல் ஒரு மணி நேரம் பக்கத்தில் வருபவரிடம் முழு வாக்கியமாகப் பேச முடிகிறதா பாருங்கள். நாலு வார்த்தைக்கு ஒருமுறை மூச்சு வாங்கினால் அது உங்கள் குழு இல்லை. கையை அசைத்து அனுப்பிவிட்டு அடுத்து வருபவர்களுக்காக மெதுவாக மிதியுங்கள். காலையில் விட்டுக்கொடுத்த 10 நிமிடம் மத்தியானம் ஒரு மணி நேரமாகத் திரும்பி வரும்.

நெருக்கமாக ஓட்டுவதில் ஒரு ஆபத்தையும் சொல்லவேண்டும். களைத்தவுடன் கண் முன்னால் இருப்பவரின் பின்சக்கரத்திலேயே குத்திட்டுவிடும். நம் முன்சக்கரம் அவருடைய பின்சக்கரத்துக்குப் பக்கவாட்டில் கொஞ்சம் முன்னேறி இருக்கும்போது அவர் ஒரு பள்ளத்தைத் தவிர்க்க விலகினால் போதும், சக்கரம் உரசும். விழுவது அநேகமாகப் பின்னால் வருபவர்தான். அதனால் சக்கரத்தோடு சக்கரம் பக்கவாட்டில் சேராமல் பார்த்துக்கொள்ளுங்கள், பார்வையை இரண்டு மூன்று ஆட்கள் தாண்டி முன்னால் வையுங்கள், பள்ளமோ வண்டியோ தெரிந்தால் குரல் கொடுங்கள். மூளைக்குச் சர்க்கரை இல்லாத நிலையில் இதில் எதுவும் நடக்காது. நீங்கள் அன்று 85ல் குழுவை விட்டது உங்களுக்கும் அவர்களுக்கும் ஒரு வகையில் நல்லதாகப் போயிற்று.

இனி பணம்.

62 பேரும் உங்கள் கிலோமீட்டரை விலைக்கு வாங்கவில்லை. ஒரு குழந்தையின் சிகிச்சைக்குக் கொடுத்தார்கள், அதைக் கேட்க உங்களுக்கு ஒரு சாக்கு வேண்டியிருந்தது, சைக்கிள் அந்தச் சாக்கு. பணம் போய்ச் சேர்ந்த இடத்தில் 128க்கும் 97க்கும் வித்தியாசம் கிடையாது. கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று பேசி யாராவது கொடுத்திருந்தால் மட்டும் அவரிடம் கணக்கைச் சொல்லுங்கள்: 430ல் 31 போக 399 கிலோமீட்டர் ஓட்டியிருக்கிறேன் என்று. அநேகமாகச் சிரித்துவிட்டு மீதியை வைத்துக்கொள்ளச் சொல்வார்.

கனடாவின் டெர்ரி ஃபாக்ஸை உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். எலும்புப் புற்றுநோயால் வலதுகாலை இழந்தவர், செயற்கைக் காலோடு புற்றுநோய் ஆராய்ச்சி நிதிக்காக நாட்டின் குறுக்கே ஓடப் புறப்பட்டார். சைக்கிள் இல்லை, ஓட்டம். 1980 ஏப்ரல் 12ல் கிழக்குக் கரையில் தொடங்கி 143 நாளில் 5,373 கிலோமீட்டர் ஓடிவிட்டு, செப்டம்பர் 1ல் தண்டர் பே என்ற ஊருக்கு அருகே நின்றுவிட்டார். நோய் நுரையீரலுக்குப் பரவியிருந்தது. மேற்குக் கரைக்குப் போய்ச் சேரவில்லை. அடுத்த பிப்ரவரிக்குள் நிதி 2.4 கோடி கனடிய டாலரைத் தாண்டியது, நாட்டின் ஒவ்வொருவருக்கும் ஒரு டாலர் என்று அவர் ஆசைப்பட்ட கணக்கு அது. 1981 ஜூனில் 22 வயதில் இறந்தார். அவர் பெயரில் இன்றுவரை உலகத்தின் பல நாடுகளில் வருடாவருடம் ஓடுகிறார்கள். அவருடைய வலியையும் உங்களுடைய ஒரு மத்தியானத்தையும் ஒரே தட்டில் வைக்க நான் இதைச் சொல்லவில்லை. பாதியில் நின்ற பயணத்துக்கு மக்கள் பணத்தை எப்படிப் பார்த்தார்கள் என்பதற்காகச் சொல்கிறேன்.

சப்போர்ட் வேன் எதற்கு ஓடுகிறது என்பதையும் யோசித்துப் பாருங்கள். யாரும் ஏறக்கூடாது என்றால் அதை ஓட்டவே வேண்டாம். சான் பிரான்சிஸ்கோவிலிருந்து லாஸ் ஏஞ்சலஸ் வரை எய்ட்ஸ் நிதிக்காகப் பல வருடம் நடந்த 7 நாள் பயணம் சுமார் 877 கிலோமீட்டர். அவ்வளவு பெரிய கூட்டத்தில் ஒரு நாள் வேன் ஏறுவதும் மறுநாள் காலை வரிசையில் மறுபடி நிற்பதும் பயணத்தின் ஒரு பகுதியாகவே இருந்தது. நீங்களும் மூன்றாம் நாள் காலையில் வந்து நின்றீர்கள். என் அனுபவத்தில் முதல் நாள் முழுக்க ஓட்டுவதைவிட அது கஷ்டம். முதல் நாள் யாருக்கும் உற்சாகம் இருக்கும். நேற்று வேன் ஏறியவர் எல்லோரும் பார்க்க இன்று சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வருவதற்கு வேறு ஒன்று வேண்டும்.

பணம் கொடுத்தவர்களுக்கு ஒரு சின்னக் கடிதம் எழுதுங்கள். எவ்வளவு சேர்ந்தது, எங்கே போனது, இரண்டாம் நாள் என்ன ஆனது, வேன், ஹெல்மெட் எல்லாவற்றையும் எனக்கு எழுதிய மாதிரியே எழுதுங்கள். மறைத்தால்தான் அரிக்கும்.

இப்போது விரல்கள். சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரப்பது சைக்கிள்காரர்களுக்கு வரும் நரம்புத் தொல்லை. அந்த இரண்டு விரலுக்கும் போகும் நரம்பு உள்ளங்கையின் அடிப்பாகத்தில், சுண்டுவிரல் பக்கமாக ஒரு குறுகிய வழியில் போகிறது. மணிக்கணக்காக ஹேண்டிலில் உடம்பின் பாரத்தை அங்கே வைத்தால் நசுங்கும். ஒரு வாரத்தில் சரியானது நல்ல அறிகுறி. 10 நிமிடத்துக்கு ஒருமுறை பிடியை மாற்றுங்கள், மணிக்கட்டை மடக்காமல் நேராக வையுங்கள், முழங்கையை லேசாக மடக்குங்கள். சீட்டின் மூக்கு கீழ்நோக்கிச் சாய்ந்திருந்தால் உடம்பு முன்னால் சறுக்கி முழு பாரமும் கையில் விழும், அதை மட்டமாக்குங்கள். டயரில் காற்றை அளவுக்கு மேல் அடித்துக் கல் மாதிரி வைத்திருந்தாலும் சாலையின் அதிர்வெல்லாம் கைக்குத்தான் வரும், உங்கள் எடைக்கும் டயரின் அகலத்துக்கும் ஏற்றபடி கொஞ்சம் குறைக்கலாம். மறுபடி மரத்து இரண்டு மூன்று வாரம் போகாமல் இருந்தாலோ, சட்டைப் பொத்தான் போடவும் சாவி திருப்பவும் பிடி தளர்ந்தாலோ டாக்டரிடம் காட்டிவிட வேண்டும்.

முழங்காலின் முன்பக்க வலிக்கு முதலில் சீட்டின் உயரத்தைச் சந்தேகப்படுவேன். சீட்டு தாழ்ந்திருந்தால் முழங்கால் அதிகமாக மடங்கி, ஒவ்வொரு மிதிக்கும் முழங்கால் சிப்பியின் பின்னால் அழுத்தம் ஏறும். சுவரைப் பிடித்துக்கொண்டு சைக்கிளில் உட்காருங்கள், பெடல் மிகக் கீழே இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வையுங்கள். கால் நேராக நீட்டியிருக்க வேண்டும், இடுப்பு சாயக் கூடாது. அப்படியானால் பாதத்தின் முன்பகுதியால் மிதிக்கும்போது முழங்கால் 25 முதல் 35 டிகிரி மடங்கும், அதுதான் வேண்டும். உயர்த்த வேண்டியிருந்தால் ஒரே நாளில் உயர்த்தாமல் சில மில்லிமீட்டராக உயர்த்துங்கள், அதிகமானால் வலி முழங்காலின் பின்பக்கத்துக்கு மாறும். இரண்டாவது சந்தேகம் கியர். வேகமான குழுவோடு போகும்போது பெரிய கியரில் மெதுவாக அழுத்தி மிதித்திருப்பீர்கள். நிமிடத்துக்கு 80, 90 சுற்று வருமாறு லேசான கியரில் ஓட்டிப் பழகுங்கள். இதெல்லாம் செய்தும் ஒரு மாதத்தில் வலி குறையவில்லை என்றாலோ, முழங்கால் வீங்கினாலோ, பூட்டிக்கொண்டாலோ, அருகில் உள்ள பிசியோதெரபிஸ்டிடம் சைக்கிளையும் எடுத்துக்கொண்டு போய்க் காட்டுங்கள். சைக்கிளைப் பார்க்காமல் முழங்காலை மட்டும் பார்த்தால் பாதிதான் தெரியும்.

பெயர் கொடுங்கள், தாராளமாக. 5 மாதம் போதும். முழங்கால் வலி அடங்கியதும் வாரம் மூன்று நாள் ஓட்டுங்கள், அதில் ஒன்று நீளமானது. அந்த நீள ஓட்டத்தை வாராவாரம் கொஞ்சமாக ஏற்றி, கடைசி மாதத்துக்கு முன்னால் 100 கிலோமீட்டர் வரை கொண்டுவந்தால் 128ஐப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். அதைவிட முக்கியம், மாதத்துக்கு ஒருமுறையாவது சனி, ஞாயிறு இரண்டு நாளும் அடுத்தடுத்து ஓட்டுவது. பல நாள் பயணத்தில் உடம்பைச் சோதிப்பது தூரத்தைவிட மறுநாள் காலைதான். முதல் நாள் ஓட்டம் முடிந்த ஒரு மணி நேரத்துக்குள் நன்றாகச் சாப்பிட்டு, நேரத்தோடு தூங்கிப் பாருங்கள், இரண்டாம் நாள் கால் வேறு மாதிரி இருக்கும். பயணத்துக்கு முந்தைய வாரம் பாதியாகக் குறைத்துவிடுங்கள். 47 வயதில் இப்படி நீளமாக ஓட்டப்போகும் யாரையும் நான் ஒருமுறை ரத்த அழுத்தம், சர்க்கரை, இதயம் பார்த்துக்கொள்ளச் சொல்வேன். ஓட்டும்போது நெஞ்சில் இறுக்கமோ, மயக்கமோ, வழக்கத்துக்கு மாறான மூச்சுத்திணறலோ வந்தால் அது பசி இல்லை, உடனே நிறுத்த வேண்டும். அடர்ந்த காபி நிறத்தில் சிறுநீர் போனாலும் அப்படியே, அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

சேர்வதற்கான படிவத்தில் உங்கள் சராசரி வேகம் என்ன என்று கேட்பார்கள். போன முறை என்ன எழுதினீர்கள் என்று தெரியாது. இந்த முறை 20 என்று எழுதுங்கள், அந்தக் குழுவிலேயே நில்லுங்கள்.